தொண்ணூற்றொன்பது ஆட்டம்

சவப்பெட்டியின் மேல் கொடி வழுக்கிக்கொண்டே போனது. வெர்னா மூன்றாம் முறையாக அதை இழுத்துவிட்டபோது கால்பந்து கிளப் செயலாளர் ஸ்டான் பக்கத்தில் வந்து, சந்தையில் கடைசி விலை கேட்கிறவர்போலக் குரலைத் தாழ்த்தினார்.

“உங்கப்பா ஆடினது தொண்ணூத்தொம்பதும்மா. இன்னும் ஒண்ணு இருந்தா நூறு. கிளப் வழக்கப்படி லாக்கர் கதவுல பேரு எழுதிடுவோம். யுத்த சமயத்துல ஒருதடவை வேற பேர்ல ஆடினார்னு ஒரு பேச்சு உண்டு. நிஜம்னா சொல்லு, இப்பவே அறிவிச்சிடறேன்.”

“யோசிச்சுச் சொல்றேன்.”

“பாதிரியார் கடிகாரத்தைப் பாக்கறார். சட்டுனு யோசி.”

நிஜம்தான். முந்தாநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் அப்பா கிளாரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ராணுவ முகாமில் அவருக்கு விடுப்பு இல்லை. நண்பன் லெஸ்ஸுக்கு இருந்தது. லெஸ்ஸின் விடுப்புச் சீட்டைக் காட்டி வெளியேறி, லெஸ்ஸின் பேரிலேயே மெல்போர்னில் ஆடினார். முகாமில் கிளாரியின் பேரைக் கூப்பிட்டபோது லெஸ் ‘இருக்கேன்’ என்றான். அடுத்த மாதம் இருவரும் நியூகினி போர்முனைக்குக் கப்பல் ஏறினார்கள். லெஸ் திரும்பவில்லை. திரும்பிய கிளாரியின் முழங்கால் மேலும் பதினோரு ஆட்டத்தோடு கைவிரித்துவிட்டது.

“ஸ்டான்கிட்ட சொல்லிடுடி. நூறு.” தனக்கென்று அவர் அவளிடம் கேட்டது அது ஒன்றுதான்.

கிளப் புத்தகத்தில் லெஸ்ஸுக்கு ஒரே ஆட்டம், நாலு கோல். அப்பாவுக்கு நூறு என்றால் லெஸ்ஸுக்குப் பூஜ்யம்.

முன்வரிசையிலிருந்து லெஸ்ஸின் தங்கை ஐவி கையசைத்துக் கூப்பிட்டாள். “என்ன கண்ணு, அந்தாளு உன் உயிரை எடுக்கறான்?”

“அப்பா ஆட்டத்தைப் பத்தி கேக்கறார் அத்தை.”

“அத்தனை ஆட்டம் ஆடியும் உங்கப்பன் ஒரே நாள்ல நாலு கோல் போட்டதில்ல. எங்கண்ணன் போட்டான். அதைச் சொல்றப்பல்லாம் உங்கப்பன் மூஞ்சி போற போக்கைப் பாக்கணுமே! பொறாமை புடிச்ச பய.” சிரித்தவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எங்கம்மாவுக்கு அவன் உடம்புகூட வரல கண்ணு. அவன் ஆடின அந்த ஒரு சனிக்கிழமைதான் வந்துது.”

ஸ்டான் பென்சிலோடு வந்து நின்றார். “சொல்லும்மா. நூறா?”

ஐவி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

வெர்னாவுக்கு மணிக்கட்டில் இன்னும் அந்தப் பிடி இருந்தது.

“தொண்ணூத்தொம்பது,” என்றாள். “மத்ததெல்லாம் பீர் பேசின பேச்சு.”

ஸ்டான் உதட்டைப் பிதுக்கி, தாளில் எதையோ அடித்தார்.

ஜெபம் முடிந்தது. பெட்டியைத் தூக்க வந்த பழைய ஆட்டக்காரர்களில் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வெர்னா தன் பையை ஐவியின் மடியில் வைத்துவிட்டுப் போய்த் தோள் கொடுத்தாள். கடைசி வாரத்தில் அவள் ஒற்றைக் கையால் தூக்கி உட்காரவைத்த மனிதர். இப்போது கனத்தார்.

“பாத்து வாம்மா,” என்றது முன்னாலிருந்து ஒரு குரல். “மூணு படி இருக்கு.”