காளான் அறை

துணியைப் பிழிந்து அப்பாவின் அறை மேசையில் மறுபடியும் ஓட்டினாள் சிவகௌரி. மறுபடியும் வெள்ளையாகத்தான் வந்தது. நேற்று விடிய, அப்பாவின் உயிர் பிரிந்த கையோடு, இதே மேசையை அவள் துடைத்திருந்தாள்.

அப்பா கதிரவேலுவைச் சுடலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆண்கள் திரும்புமுன் வீட்டைக் கழுவி முடிக்க வேண்டும். விறாந்தையைக் கழுவிய பெண்கள் இந்த அறை வாசலில் வாளியோடு நின்றுவிட்டார்கள். உள்ளே நிமிர்ந்து நடக்க இடமில்லை. கட்டிலைச் சுற்றி, கூரை வளையிலிருந்து கயிற்றில் தொங்கின பொலித்தீன் பைகள். பையின் கீறலெல்லாம் காது காதாகச் சிப்பிக் காளான். காது என்றால் நேற்றுவரைக்கும்தான். அப்பா விடியற்காலையில் எழும்பி, விளிம்பு மடியுமுன் பிடுங்கிவிடுவார். இப்போது பிடுங்க ஆளில்லாமல் அவை உள்ளங்கை அளவுக்கு விரிந்து, விளிம்பு மேலே சுருண்டு நின்றன.

பஸ் டிப்போவில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்த மனிதர். கொடிகாமம் சந்தையில் மாம்பழப் பெட்டிக்குள் வைத்து எறிகிற வைக்கோல், தச்சுப் பட்டறைத் தூள், தேத்தண்ணிக் கடைச் சக்கை என்று ஊர் எறிந்ததையெல்லாம் சைக்கிளில் கட்டிக்கொண்டு உடுவிலுக்கு வருவார். அவித்து, ஆறவிட்டு, காளான் வித்துப் போட்டுப் பையில் அடைப்பார். முதலில் வளவுக் கொட்டிலில்தான் தொங்கவிட்டார். சித்திரை வெயிலில் அவை கருகிப் போயின. வீட்டில் குளிர்ச்சியான இடம் அவருடைய அறைதான் என்று எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்து, யன்னலைச் சாத்தி ஈரச்சாக்குத் தொங்கவிட்டார். கட்டிலை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

“பிள்ளையளுக்குப் பக்கத்திலை படுக்காட்டி எனக்கு நித்திரை வராது” என்று சிரிப்பார்.

இருமல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சிவகௌரிதான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள், அம்மாவும் வந்தாள். இளம் டொக்டர் ஒருவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “ஐயா என்ன வேலை செய்யிறவர்?” என்றார்.

“பென்சன்காரர்” என்றாள் அம்மா குணலட்சுமி, கொஞ்சம் பெருமையாக.

“வீட்டிலை கோழி, புறா ஏதும் வளக்கிறனீங்களோ?”

“சீச்சீ. நாங்கள் சைவம் தம்பி.”

டொக்டர் சிரித்தார். அப்பாவும் இருமலுக்கு நடுவே சிரித்தார். காளானைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதை ஒரு வேலையென்று அந்த வீட்டில் ஆரும் நினைத்ததில்லை.

சிவகௌரி துணியை விரித்துப் பார்த்தாள். மாவைப் போல மென்மையான தூள். கைக்குள் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆண்கள் வாசல் படலையடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சீவரத்தினம் அவளைப் பார்த்தார். சாவீடென்றும் பார்க்காமல் வாய் சும்மா இருக்காது அவருக்கு.

“என்ன பிள்ளை, அப்பான்ரை செருப்போ காலிலை?”

“என்ரையைக் காணேல்லை மாமா. சனத்துக்குள்ளை ஆரோ மாறிப் போட்டுக்கொண்டு போட்டினம்.”

“அளவாத்தான் கிடக்கு” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “அண்ணை எனக்கு ஒரு கிலோ காளான் தாறன் எண்டவர். சாகப்போற மனிசன் சொல்லிப்போட்டே போறது.”

பெரியப்பா சிவசுப்பிரமணியம் ஈர வேட்டியோடு விறாந்தையில் ஏறினார். “விளக்கைச் சீவன் போன இடத்திலை வையுங்கோ. செம்பிலை தண்ணியும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி மட்டும் நூந்து அணையக்கூடாது. ஆர் பக்கத்திலை படுக்கிறது?”

“நான்” என்றாள் அம்மா. அன்றைக்கு அவள் சொன்ன முதல் சொல் அதுதான்.

“பெரியப்பா, முதல் அந்தப் பையளை வெளியிலை எடுக்கவேணும்.”

“துடக்கு வீட்டுச் சாமானை ஆர் வேண்டப்போகினம்? எட்டாம் நாள் செலவு முடியட்டும்.”

“விக்கிறதுக்கில்லை. எறியிறதுக்கு.”

பெரியப்பா தம்பி மனைவியைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அவர் கையாலை கட்டினது. ஒண்டையும் தொடக்கூடாது.”

“அம்மா, இந்தத் துணியைப் பாருங்கோ. உந்தத் தூள்தான் அப்பான்ரை நெஞ்சுக்குள்ளை போயிருக்கு. டொக்டர் கேட்டவரெல்லே, கோழி வளக்கிறனீங்களோ எண்டு? உப்பிடி ஒண்டைத்தான் அவர் தேடினவர்.”

“அப்ப நான் பிழையாச் சொன்னனான் எண்டுறியோ?”

இருந்த பெண்களில் ஒருத்தி, “கௌரி, அம்மாவை இப்ப விடு” என்றாள். பெரியப்பா விளக்குக்கு எண்ணெய் வார்த்தார்.

பொழுதுபடும்போது அம்மா அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்தாள். காற்றுக்கு விளக்கு நூந்துவிடுமென்று யன்னலை அமத்திச் சாத்தினாள். சிவகௌரி வாசலில் நின்று பார்த்தாள். சுடர் நிமிர்ந்துதான் எரிந்தது. ஆனாலும் அறைக்குள் புகை இருந்தது. அது விளக்கிலிருந்து வரவில்லை. சுருண்ட காளான்களின் அடியிலிருந்து மெல்லிய நூலாய் இறங்கி, வெளிச்சத்துக்குள் வந்ததும் நின்று சுழன்றது.

“அம்மா, எனக்குப் பக்கத்திலை வந்து படுங்கோ. விளக்கை நான் பாக்கிறன்.”

“கதவைச் சாத்து பிள்ளை. காத்து வருது.”

மற்ற நாள் விடிய, கிணற்றடியில் துலாச் சத்தம் கேட்டதும் சிவகௌரி எழும்பினாள். அம்மா குளிக்கிறாள். அதற்குள் யன்னலையாவது திறந்துவிடலாம் என்று வெறுங்காலோடு அறைக்குள் போய்க் கட்டிலைச் சுற்றி நடந்தாள். யன்னலை விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தாள். சுடர் படுத்து, நீலமாகி, அணையப் பார்த்தது. யன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

குசினி அடுப்படியில் நின்றபோது அம்மா கூப்பிட்டாள். “கௌரி. இஞ்சை வா. ஓடி வா.”

அப்பா செத்த பிறகு அந்தக் குரலில் உயிர் வந்தது இப்போதுதான். அம்மா தலை ஈரம் சொட்டச் சொட்ட அறை வாசலில் நின்றாள். கையில் நிறைசெம்பு.

“நிலத்தைப் பார்.”

சிவப்புச் சீமெந்து நிலம் முழுவதும் இரவில் வெள்ளை படிந்திருந்தது, ஆரோ அரிதட்டால் மா அரித்துவிட்டதைப் போல. அதில் கால் அடையாளங்கள்.

“இந்தா, இது என்ரை. சின்னன். நேரை வெளியிலை வந்திருக்கு. அங்காலை பார், கட்டிலைச் சுத்திப் போயிருக்கு. எவ்வளவு பெரிய கால். யன்னலடியிலை நிண்டிருக்கிறார். நிண்டு பாத்திட்டுப் போயிருக்கிறார்.” அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. மேல்மூச்சு வாங்க, செம்புத் தண்ணீர் அவள் கையில் தளும்பியது. அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது, சிரிக்கும்போது.

“நான் பயந்தனான் பிள்ளை, வழி தெரியாமல் நிப்பாரோ எண்டு. இனி அந்தியேட்டி மட்டும் இந்த அறையை விட்டு அசையமாட்டன்.”

சிவகௌரி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். நிலைப்படியைத் தாண்டி, முதல் பெரிய அடையாளத்தின் மேல் தன் வலது காலை மெதுவாக வைத்தாள். குதி, விரல், எல்லாம் பொருந்தின.

அம்மா அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஈரக் கூந்தலிலிருந்து சொட்டிய தண்ணீர் வெள்ளையில் விழுந்து சிவப்புப் பொட்டுகளானது.

“உனக்கு அப்பான்ரை கால்தானே பிள்ளை” என்றாள்.

மகளின் தோளைத் தொட்டு மெல்ல விலத்திவிட்டு, அடையாளங்களை மிதிக்காமல் சுவரோரமாக உள்ளே போனாள். செம்பை விளக்கடியில் வைத்தாள். திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

சிவகௌரி விறாந்தையில் குந்தியிருந்து காலைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கால் வெள்ளையாய்க் கிடந்தது. உள்ளே கதவுக் கொண்டி விழுந்தது.