லவாலியின் கம்பு

லிபியாவுக்குப் போகும் வழியில், நடுப் பாலைவனத்தில், டயர் மாற்ற வண்டி நின்றதும் லவாலி மணல்மேட்டுக்குப் பின்னால் ஒதுங்கப் போனான். அந்த நேரம் பார்த்து சாபியூ அவனுடைய கம்பை உருவிக்கொண்டு, தன் கம்பை அந்த இடத்தில் செருகினான். சாபியூவின் கம்பு வண்டி ஏறிய அகடெஸ் ஊரின் சந்தையில் அவசரத்தில் வாங்கியது, நடுவில் மெல்லிய விரிசல் இருந்தது. லவாலியுடையது ஊரிலேயே வெட்டிச் சீவிய வேலங்கம்பு. இதைத் திருட்டு என்று யாரும் பெரிதுபடுத்த வேண்டாம். இவன் அத்தை மகன், அவன் மாமன் மகன். எங்கள் ஜனங்களில் இந்த முறைக்காரர்கள் ஒருவர் பொருளை ஒருவர் களவாடலாம், ஒருவரை ஒருவர் அடிமை என்று கூப்பிடலாம். கோபப்பட்டவனைப் பார்த்து ஊரே சிரிக்கும். செத்துக் கிடந்தாலும், 'சோம்பேறி, நடிக்கிறான்' என்று கேலி செய்துவிட்டுத்தான் முறைக்காரன் அழ வேண்டும். போதாததற்கு லவாலி கட்டியிருந்தது சாபியூவின் தங்கை ராக்கியாவை. அவள் வாயும் வயிறுமாக ஊரில் இருந்தாள்.

அந்தத் திறந்த பிக்கப் வண்டியில் இருபத்தைந்து பேருக்கு மேல். நடுவில் மூட்டைகள், மூட்டைகளின் மேல் ஆட்கள், விளிம்பில் கால்களை வெளியே தொங்கப் போட்டபடி இன்னும் ஆட்கள். விளிம்பில் இருப்பவனுக்கு உயிர் என்பது அந்தக் கம்புதான். மூட்டைக் கயிற்றுக்குள் அதை இறுக்கச் செருகி, இரண்டு தொடைகளுக்கு நடுவே பிடித்துக்கொள்ள வேண்டும். சாக்குத்துணி சுற்றிய தண்ணீர் கேன்கள் பக்கவாட்டில் தொங்கின. ஏறும்போதே ஓட்டுநர் பர்காய் சொல்லிவிட்டான்: "விழுந்தவனுக்காக வண்டி நிக்காது. அப்புறம் என்னைக் கொறை சொல்லக்கூடாது."

அதைக் கேட்ட நிமிஷத்திலிருந்து லவாலிக்கு அதுவே விளையாட்டு. வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும், "அய்யோ, போச்சு! புடிடா அடிமை!" என்று சாபியூவின் சட்டையைப் பிடித்து இழுப்பான். மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பின்தா என்ற பெண் முதல் இரண்டு தடவை பதறினாள். பிறகு அவளும் முக்காட்டுக்குள் சிரித்தாள்.

"விழுந்து தொலை. என் தங்கச்சிக்கு நல்ல மாப்பிள்ளையா பாக்குறேன்" என்றான் சாபியூ.

"பாரு பாரு. உன் மூஞ்சிய ஒருத்தியும் பாக்கலன்னுதான நீ லிபியாவுக்கு ஓடுற?"

மத்தியான வெயிலில் பின்னால் தூரத்தில் ஒரு தூசி எழுந்தது. யாரோ "ராணுவம்" என்றார்கள். திருட்டுத்தனமாக எல்லை தாண்டும் வண்டி, பிடிபட்டால் தொலைந்தது. அவ்வளவுதான், பர்காய் தடத்தை விட்டு வண்டியை வெறும் மணலுக்குள் இறக்கினான். மேடு தாண்டி ஒவ்வொரு முறை விழும்போதும் முதுகெலும்பு மண்டைக்குள் இடித்தது. பின்னால் துப்பாக்கி வெடித்தது. ஒரு குண்டு தண்ணீர் கேன் ஒன்றைத் துளைத்து, மூட்டைமேல் இருந்த ஒருவனின் தோளில் பாய்ந்தது. அவன் அலறினான். அவன் ரத்தம் சாபியூவின் கழுத்தில் சூடாக விழுந்தது.

"மச்சான், கம்பு முறியுது. புடி!" என்றான் லவாலி.

சாபியூவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. கம்பு மாறியதைக் கண்டுபிடித்துவிட்டான், பழிவாங்குகிறான் என்று நினைத்தான். "முறிஞ்சா முறியட்டும் போடா" என்றான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மளுக்கென்று சத்தம் கேட்டது. அடுத்து வண்டியின் பின்பக்கம் எதன் மேலோ ஏறி இறங்கியது. சாபியூவின் பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

"நிறுத்து!" என்று கத்தி, வேலங்கம்பைக் கயிற்றிலிருந்து உருவினான். தோள்களையும் தலைகளையும் மிதித்து ஏறி, முன்கூரையில் முஷ்டியால் குத்தினான். பின்னால் துரத்தி வந்த ராணுவத்தின் தூசி மறைந்துவிட்டிருந்தது, ஆனாலும் வண்டி நிற்கவில்லை. கையிலிருந்த வேலங்கம்பால், கூரையிலிருந்து குனிந்து, ஓட்டுநரின் ஜன்னலுக்குள் முழு பலத்தோடு குத்தினான். பர்காயின் கன்னம் கிழிந்தது. வண்டி ஒருக்களித்துச் சுழன்று மணலில் புதைந்து நின்றது. இரண்டு பேர் கீழே விழுந்தார்கள். ஒருவனுக்கு மணிக்கட்டு மடங்கித் தொங்கியது.

பர்காய் ரத்தம் ஒழுக, டயர் கழற்றும் இரும்போடு இறங்கினான். முதல் அடி விலாவில், இரண்டாவது அடி வாயில். சாபியூ பற்களைத் துப்பிக்கொண்டே, "என் மச்சான்... திருப்பு வண்டிய" என்றான். அதற்குமேல் அடித்தது பர்காய் இல்லை. கூட வந்தவர்கள்தான். காலையில் அவனோடு ஒரே கிண்ணத்தில் தினை மாவு கரைத்துக் குடித்தவர்கள், முகத்திலும் வயிற்றிலும் மிதித்தார்கள்.

"உன் ஒருத்தன் மச்சானுக்காக நாங்க எல்லாரும் சாகணுமா, நாயே?"

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பயம் வந்தால் மனுஷன் அப்படித்தான் ஆகிறான். ஆனாலும் எனக்கு இன்றுவரை அவர்களை மன்னிக்க மனசு வரவில்லை.

வண்டியைத் தள்ளி மீட்டு ஏறிக்கொண்டார்கள். அவனை ஏற்றவில்லை, வேலங்கம்பும் அவன் பக்கத்தில் மணலில் கிடந்தது. வண்டி நகரும்போது பின்தா எட்டி ஒரு கயிற்றை அறுத்துவிட்டாள். ஒரு கேன் தொப்பென்று விழுந்தது. "அதை எதுக்குடி போட்ட?" என்று ஒருவன் அவளை அறைந்த சத்தம் கேட்டது. பிறகு வண்டிச் சத்தமும் இல்லை.

சாபியூ கேனைத் தோளில் போட்டு, கம்பை ஊன்றி, டயர் தடத்தைப் பிடித்துத் திரும்பி நடந்தான். மூச்சு விடும்போதெல்லாம் விலா குத்தியது. காற்று எழும்பியிருந்தது. தடத்தின் ஓரங்கள் சரிந்துகொண்டே வந்தன. அழிவதற்குள் போய்விட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. முதலில் கண்ணில் பட்டது முறிந்த கம்பின் ஒரு பாதி. விரிசல் இருந்த இடத்திலேயே முறிந்திருந்தது. அதைப் பார்த்ததும் நடுமணலில் நின்று சத்தமாக அழுதான்.

அடுத்த மேட்டின் சரிவில் லவாலி கிடந்தான். வலது கால் முட்டிக்குக் கீழே எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ரத்தம் மணலோடு கெட்டியாகிக் கறுத்திருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. மார்பில் காது வைத்தான். உள்ளே, எங்கோ தூரத்தில், துடிப்பு இருந்தது.

உதட்டை நனைத்தான். தண்ணீர் ஓரத்தில் வழிந்து போனது. தலைத்துணியை அவிழ்த்துக் காலைக் கட்டினான். சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது, தடத்தைத் திரும்பிப் பார்த்தபோது அது கொஞ்ச தூரம்தான் தெரிந்தது. இனி செய்ய ஒன்றுதான் பாக்கி இருந்தது. உடைந்த வாயால் சொன்னான்:

"எந்திரிடா அடிமை. வேலைக்குப் போகச் சோம்பல், அதான் படுத்துக்கிட்ட. ராக்கியாகிட்ட சொல்றேன் இரு. புள்ள பொறந்தா அதுகிட்டயும் சொல்றேன். உங்கப்பன் மணல்ல கெடந்து நடிச்சான்னு."

பதில் சொல்லியாக வேண்டும், அதுதான் முறை. சாபியூ அவன் வாயருகே காதை வைத்தான்.

"உன் கம்ப நாந்தான் திருடினேன். இந்தா, வச்சுக்க. திட்டுடா. ஒரு வார்த்தை திட்டுடா மச்சான்."

வேலங்கம்பை லவாலியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கினான். விரல்கள் பிரிந்தன. மறுபடி மடக்கினான், பிரிந்தன. காற்று மணலை அள்ளிக் கம்பின்மேல் தூவியது. அதை ஊதித் தள்ளிவிட்டு, சுண்டுவிரலிலிருந்து மறுபடியும் மடக்கத் தொடங்கினான்.