கதிரையில் ஐந்து தரம்

இந்தக் காலத்து மனிசர் வருத்தக்காரனைப் பார்க்க வருவதில்லை, சோதிக்க வருகிறார்கள். கையில் நாலு தோடம்பழம், வாயில் நாற்பது கேள்வி. கண்ணை இழுத்துப் பார்ப்பார்கள், போனில் எதையோ தட்டிப் பார்ப்பார்கள். "ஈரல் கெட்டா மீன் தொடப்படாது" என்பான் ஒருவன். "முட்டை நஞ்சு" என்பாள் இன்னொருத்தி. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கும்: "அண்ணன் முந்தி நல்லாக் குடிச்சவரோ?"

நான் குடித்ததில்லை. சீனி வருத்தமும் கொழுப்பும் சேர்ந்து ஈரலைக் காயவைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கு அறுபத்தொரு வயது. எங்கள் ஊர் வவுணதீவில் குடித்துக் குடித்தே எழுபதைத் தாண்டியவர்கள் என் கட்டிலடிக்கு வந்து, "இனியாவது குடிய விடு நல்லரத்தினம்" என்று புத்தி சொல்லிப் போனார்கள். நல்ல நியாயம்.

ஈரல் மாற்றாவிட்டால் வருசம் திரும்பாது என்றார்கள். மகன் மதுரன் தன் ஈரலில் ஒரு பங்கை வெட்டித் தருகிறேன் என்று நின்றான். அவனைச் சோதித்ததில் எல்லாம் பொருந்தி வந்தது. இனி வெட்டித் தைக்கவேண்டியதுதானே என்று நினைத்துக்கொண்டு கொழும்புக்குப் போனேன். படித்தவர்களை நான் அவ்வளவு லேசாக நினைத்திருக்கக் கூடாது.

அங்கே ஈரலை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

டொக்டர் இர்ஷானா ஏறாவூர்ப் பிள்ளை. நம்மட கதை கதைக்கிற ஆள் என்று கொஞ்சம் ஆறுதல்பட்டேன். அவள் என்னைப் படுக்கவைத்து, ஊசியில் மருந்து ஏற்றி, நெஞ்சை ஓடவைத்து, அது ஓடுவதைப் பெட்டியில் பார்த்துக்கொண்டிருந்தாள். படுத்த படுக்கையிலேயே நான் வலையிறவுப் பாலம்வரை ஓடிய மாதிரி வேர்த்துவிட்டது.

"ஈரலுக்கு வருத்தம். நெஞ்சை ஏன் மகள் துரத்துறீங்க?"

"புது ஈரலுக்கு ரத்தத்தத் திறந்து விடுற நேரம் நெஞ்சு ஒரு அடி வாங்கும் ஐயா. குளத்துக் கதவு திறக்க முன்ன வாய்க்கால் கட்டுத் தாங்குமா எண்டு பாக்கிறதில்லையா?"

"பாக்கிறதுதான். அதுக்காக வெள்ளத்த விட்டுப் பாக்கிறதில்ல."

சிரித்தாள். நெஞ்சு தாங்கும் என்று முடிவு வந்தது. அறுபத்தொரு வருசம் நிற்காமல் அடித்த சாமான் தாங்கும் என்று கண்டுபிடிக்க ஒரு பகல் முழுக்கப் போனது.

அடுத்தது உடம்பில் பலம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். கைப்பிடி மாதிரி ஒன்றைத் தந்து இறுக்கச் சொன்னாள். அரசாங்கச் சாமான், உடைந்தால் யார் பதில் சொல்வது? மெதுவாகத்தான் பிடித்தேன். "உடையாது, உள்ள பலத்தையெல்லாம் குடுங்க" என்றாள். கொடுத்தேன். அது உடையவில்லை. அதிலிருந்த முள்ளும் பெரிதாக நகரவில்லை. நாற்பது வருசம் மண்வெட்டி பிடித்த கை இது. மெசினில்தான் பழுது என்று நினைத்தேன்.

பிறகு ஒரு கதிரை. கையிரண்டையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்து தரம் எழும்பித் திரும்ப இருக்கவேண்டும். என் மனிசி சீதேவிப்பிள்ளையும் மதுரனும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதுக்குத் தொடை வரமாட்டேன் என்றது. கதிரைப் பிடியைப் பிடித்துவிட்டேன்.

இர்ஷானா மணிக்கூட்டை நிறுத்தினாள்.

"இப்ப வெட்டினா ஒப்பரேசன் முடியும், நீங்க எழும்பமாட்டீங்க ஐயா. மகன்ட ஈரலும் வீணாப்போகும்."

மதுரன் நிலத்தைப் பார்த்தான்.

"வீட்டில என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள் இர்ஷானா.

கேள்வி எங்கே போகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. "எனக்கு வாய்க்கு ஒண்டும் ஏறுதில்ல மகள்" என்று முந்தினேன்.

சீதேவி விடுவாளா? "பொய் சொல்றார் மகள். எட்டு மாசமா ஒரு நாளும் நான் பத்தியம் பிசகவிட்டதில்ல. காலையில கீழ்க்காய்நெல்லிச் சாறு. பகலும் ராவும் உப்பில்லாக் கஞ்சி. மீனில்ல, முட்டையில்ல, பருப்பும் வாய்வெண்டு விட்டுட்டன். வாசம் பட்டா ஆசைப்படுவாரெண்டு நாங்களும் மீன் தின்னுறல்ல."

பரிசு கிடைக்கப்போகிற மாதிரி நின்றாள்.

இர்ஷானா என் தொடையை அமுக்கிப் பார்த்தாள். "உப்பக் குறைச்சது சரி அம்மா. சாறு இனி வேணாம். வருத்தமான ஈரலுக்குச் சாப்பாடு காணாட்டி அது உடம்புச் சதையத் தின்னும். ஐயாட தொடை அப்பிடித்தான் போயிரிக்கி."

மூன்று மாதத் தவணை தந்தாள். மீன், முட்டை, பருப்பு, படுக்கமுன் இன்னுமொரு சாப்பாடு, தினமும் கதிரையில் இருந்தெழும்புதல். திரும்பி வந்து எழும்பினால் பெரிய டொக்டர்மார் கூட்டத்தில் என் பேரை வைப்பாளாம். எழும்பாவிட்டால் ஒப்பரேசன் இல்லை.

ஊருக்குத் திரும்பும் ரெயில் வெலிக்கந்தையில் நின்றது. "நான்தான் உங்களக் கொல்லப் பாத்திரிக்கன்" என்றாள் சீதேவி.

"விசர்க் கதை கதைக்காதகா. ஒரு பெட்டை மணிக்கூட்டப் பாத்துச் சொன்னா நீயும் நம்புறதா?"

ஆனால் மீன் வந்தது. ஆற்றில் பிடித்த ஒட்டி, மணலை, றால், இரண்டு முட்டை. நான் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். கதிரையில் எழும்பும்போது எண்ணுவாள். பத்தியத்தை விட்டுவிட்டான், இனி நாள் கிட்டத்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வேலிக்கு அங்கால் நின்ற உதயரூபன், "எழும்பி எழும்பி யாருக்கு மரியாதை குடுக்கிறீங்க அண்ணன்?" என்றான்.

"உன்ட மூளைக்கு" என்றேன்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது மெசினில் முள் நன்றாக ஏறியது. கதிரையில் ஐந்து தரமும் எழும்பினேன், பதின்மூன்று செக்கனில். ஆறாம் தரமும் எழும்பிக் காட்டினேன்.

"காணும், இருங்க ஐயா!" என்றாள் இர்ஷானா. "இந்தக் கிழமைக் கூட்டத்தில உங்கட பேரை வைக்கிறன்." பிறகு சீதேவியைப் பார்த்து, "எல்லாம் உங்கட சாப்பாடுதான் அம்மா" என்றாள்.

நல்லதுக்குத்தான் சொன்னாள். சீதேவி கதிரையைப் பார்த்தாள். "அப்ப அந்த எட்டு மாசம்..."

"இல்ல மகள்" என்றேன் நான். "அண்டைக்கு வச்சது கட்டைக் கதிரை. இது உசரம்."

"அதே கதிரைதான் ஐயா. நம்பரும் எழுதிக் கிடக்கு."

"நம்பர் எழுதினா ஒரே கதிரையாகிடுமா? நடகா, போவம்."

மதுரன் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தான். "மெதுவாப் போங்க ஐயா" என்று பின்னால் இர்ஷானாவின் சத்தம் கேட்டது. நான் இன்னும் கெதியாக நடந்தேன். அவள் சொல்வது சரியென்றால் சீதேவி ஊற்றிய கஞ்சி பிழையென்று ஆகும். மேசையில் படுக்கச் சொன்னால் படுப்பேன். அதை மட்டும் என்னை நம்பச் சொல்லக் கூடாது.

வாசலடியில் சீதேவி என் கையைப் பிடித்தாள். "உண்மையாவே கட்டையோ அந்தக் கதிரை?"

"ஒரு சாண் கட்டைகா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.