ஃபைட்டருக்கு ஒரு கண்ணாடி

என் அறைக் கூட்டாளி மீசை வேறு ஊருக்கு வேலை மாறிப் போனபோது கட்டிலையும் மெத்தையையும் எடுத்துக்கொண்டு, மீனை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போனான்.

"வண்டியில கொண்டு போனா தண்ணியெல்லாம் கொட்டிரும் மாப்ள. நீயே வெச்சுக்க. காலையில கொஞ்சம் தீனி போடு, வாரம் ஒருக்கா பாதித் தண்ணிய மாத்து. வேற ஒண்ணும் கேக்காது. உன்னை மாதிரிதான்."

நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தவர்கள். அவன் பேசிக்கொண்டே இருப்பான், நான் ம் கொட்டுவேன். அவன் போன பிறகுதான் எங்கள் ஃபிரிட்ஜ் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று தெரிந்தது.

மீன் ஒரு ஃபைட்டர். நீல நிறம், முந்தானை மாதிரி வால். தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் செடி, கொஞ்சம் கூழாங்கல். முதலில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அப்புறம் செடியடியில் சாய்ந்து படுத்துக்கொண்டது. தீனி போட்டால் மேலே வரும், விழுங்கும், திரும்பப் போய்ப் படுக்கும். வேலை விட்டு வந்து நானும் அதைத்தான் செய்கிறேன் என்பதால் எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை.

எனக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. துவைத்து வரும் விரிப்புகளை இரண்டு இரண்டு பேராக நின்று மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. உதறுவோம், நடந்து கிட்டே வருவோம், முனையோடு முனை சேர்ப்போம், விலகிப் போவோம். எதிரில் நிற்பவனுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவன் பாஷை தெரியாது. நாள் முழுக்க அவன் மூச்சு படுகிற தூரத்துக்குப் போய்ப் போய் வருகிறேன். அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றுகூடத் தெரியாது.

ஊரில் என் மனைவி இருக்கிறாள். தினமும் சாயங்காலம் போனில் பேசுவோம்.

"சாப்டீங்களா?"

"சாப்டேன். நீ?"

"ஆச்சு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. நீங்க சொல்லுங்க."

"இங்கயும் ஒண்ணுமில்ல."

"அப்ப வெச்சிரவா?"

வர வர இவ்வளவுதான் என்று ஆகிவிட்டது. கூட இருந்த காலத்தில் நாங்கள் சண்டை போடாத நாள் குறைவு. கோபம் வந்தால் அவள் வாயைத் திறக்க மாட்டாள். குழாயடிக்குப் போய்ப் பாத்திரம் கழுவுவாள். கரண்டி தட்டில் மோதும், தட்டு குண்டாவில் மோதும். சத்தம் எவ்வளவோ அவ்வளவு கோபம். அது குறையக் குறைய, சரி, இறங்கிவிட்டாள் என்று தெரிந்துகொண்டு நான் மெதுவாகப் போய்த் துடைக்கிற துணியை எடுப்பேன்.

இங்கே வந்த பிறகு, தூரத்தில் இருக்கிற மனுஷனை எதற்கு நோகடிக்க வேண்டும் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டோம். நல்லதை மட்டும் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? இப்படியே போனால் ஒருநாள் வெச்சிரவா என்றுகூடக் கேட்காமல் வைத்துவிடுவாள், நானும் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

லீவு நாளில் வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். கடை நடத்துகிற அம்மா நம் பாஷைக்காரர்.

"அக்கா, மீனுக்குப் போரடிக்குமா?"

அவர் சிரிக்கவில்லை. "என்ன மீனு?"

"ஃபைட்டர். படுத்தே கெடக்கு. ஜோடியா இன்னொண்ணு வாங்கிப் போடலாம்னு பாக்கறேன்."

"போடுங்க. மறுநாள் ஒண்ணுதான் இருக்கும். அதுவும் கிழிஞ்சு கெடக்கும்."

"பொண்ணு மீனு?"

"அதையும் கடிச்சு வெச்சிரும். குடும்பம் நடத்துற ரகம் இல்ல தம்பி அது."

"அப்ப கடைசி வரைக்கும் தனியாவா?"

"தனியாதான். ஆனா சும்மாவே கெடந்தா மந்தமாயிரும். மூஞ்சி பாக்குற கண்ணாடிய எடுத்து தினம் கொஞ்ச நேரம் தொட்டிகிட்ட காட்டுங்க. எவனோ வந்துட்டான்னு சிலுப்பிக்கிட்டு நிக்கும். சண்டைக்கு ஆள் கெடச்சா போதும், உசுரு வந்துரும். ரொம்ப நேரம் வெச்சிராதீங்க, களைச்சிரும். ஜெயிக்கிற சண்டை இல்லையே."

"சரிக்கா."

"கண்ணாடி நான் விக்கிறதில்ல. தீனி டப்பா ஒண்ணாவது எடுத்துக்கங்க."

வீட்டுக்கு வந்து சவரக் கண்ணாடியைத் தொட்டியில் சாய்த்து வைத்தேன். மீன் எழுந்து வந்தது. பார்த்தது. செவுள் இரண்டும் குடை மாதிரி விரிந்தன. வாலை உதறிக்கொண்டு கண்ணாடியை முட்டியது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அந்த அறையில் என் சிரிப்பு யாரோ சிரித்தது மாதிரி இருந்தது.

அப்போதுதான் போன் வந்தது.

"சாப்டீங்களா?"

"அத விடு. பீரோ எங்க இருக்கு?"

அது எங்கள் பழைய வழக்கு. உள்ளே இருட்டு, பீரோவை ஜன்னலோரம் தள்ள வேண்டும் என்பது அவள் கட்சி. சாரல் அடித்துத் துருப்பிடிக்கும், சுவரோரமே இருக்கட்டும் என்பது என் கட்சி. சும்மா சீண்டிப் பார்க்கத்தான் கேட்டேன்.

"ஜன்னல்கிட்ட," என்றாள்.

"என்னது?"

"நகத்தியாச்சு. தம்பி வந்து தள்ளிக் குடுத்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா மட்டும்? வேணாம்பீங்க. நான்தானே திறக்கறேன், நான்தானே மூடறேன். உள்ள உங்க சட்டை ரெண்டு கெடக்கு, அவ்ளோதான்."

விளையாட்டு அங்கேயே முடிந்துவிட்டது.

"அப்ப என் வீட்ல எனக்கு ரெண்டு சட்டை அளவுதான் இடமா?"

"நான் அப்பிடியா சொன்னேன்?"

"வேற எப்பிடிச் சொன்ன?"

"குழாய் ஒழுகுது, அதையும்தான் சொல்லல. காய்ச்சல்ல கெடந்தேன், சொல்லல. நீங்க மட்டும் எல்லாத்தையும் கொட்டிட்டீங்களாக்கும். மீசையண்ணன் ரூமைக் காலி பண்ணதை அவர் வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தனியாவா இருக்கீங்க?"

"தனியா இல்ல. மீன் இருக்கு."

"என்ன மீனு? பொரிக்கிறதா?"

"பாக்குற மீனு. அதுக்குப் போரடிக்குதுன்னு கண்ணாடி காட்டிக்கிட்டு இருக்கேன்."

"மீனுக்குப் போரடிக்கிறது தெரியுது உங்களுக்கு," என்றாள். போன் கட்டாகிவிட்டது.

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். வீடாக இருந்தால் இந்நேரம் கரண்டி விழும் சத்தம் கேட்டிருக்கும், எவ்வளவு கோபம் என்று கணக்குப் பார்த்திருப்பேன். இங்கே ஃபிரிட்ஜ்தான் உறுமிக்கொண்டிருந்தது.

கண்ணாடியை எடுக்க மறந்தே போயிருந்தேன். மீன் இன்னும் முட்டிக்கொண்டிருந்தது, ஆனால் மூச்சு வாங்கியது. கண்ணாடியை எடுத்ததும் அது இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் போய்ப் போய்த் தேடியது. பிறகு செடியடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

லைட் போடாமல் உட்கார்ந்திருந்தேன். மறுபடி போன் அடித்தது. அவள்தான்.

"ஹலோ."

பதில் இல்லை.

"ஏம்மா."

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கரண்டி தட்டில் மோதியது. போனைக் குழாயடியில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிறாள். குண்டா, மூடி, தட்டு, மறுபடி குண்டா. ஒருத்தி சாப்பிட்ட வீட்டில் அவ்வளவு பாத்திரம் விழாது. கழுவியதையே திரும்பக் கழுவுகிறாள்.

ஸ்பீக்கரில் போட்டு, போனைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. எழுந்து துடைக்கிற துணியை எடுத்தேன். இந்த அறையில் துடைக்க என்ன இருக்கிறது. தொட்டியின் மேல் தெறித்திருந்த தண்ணீரைத் துடைத்தேன்.

அவள் குழாயை மூடினாள். மூடிய பிறகும் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"கேக்குதா?" என்றாள்.

"கேக்குது. வாஷர் போயிருக்கும்."

"அது எனக்கும் தெரியும்."

வெச்சிரவா என்று அவள் கேட்கவில்லை. குழாய் சொட்டுவதை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.