கட்டில் வண்டியில் ஏற்காடு

காரைக்காலில் மேடு என்றால் அரசலாற்றுப் பாலம்தான். அதை விட்டால் ரோட்டில் போட்டிருக்கும் வேகத்தடை. இந்த ஊர்க்காரிக்கு ஏற்காடு மலை எதற்கு என்று கேட்காத ஆள் அவள் ஊரான பூவத்தில் பாக்கியில்லை. உமாமகேஸ்வரி அவள் பாட்டுக்குப் பாலத்துக்குக் கிளம்பிவிடுவாள். ஒரே பாலத்தை ஒரே காலையில் நாற்பது தடவை ஏறி இறங்கிப் பழகியவளிடம் பேசி என்ன பிரயோசனம்?

அதிலும் அவள் ஓட்டுவது படுத்து ஓட்டும் சைக்கிள். முதுகு முழுக்கச் சாய்ந்திருக்கும். காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். முன் சக்கரம் முழங்காலுக்குக் கீழே உருளும். ஊரார் வைத்த பெயர் கட்டில் வண்டி. சொல்லிவிட்டுப் போகட்டும். நான்கு வருஷத்துக்கு முன் பட்டினச்சேரி ரோட்டில் ஓர் ஆடு குறுக்கே பாய, அவள் பதறிப்போய் முன் பிரேக்கை அழுத்த, அன்றைய சாதாரண சைக்கிள் அவளைத் தலைகுப்புறத் தூக்கி எறிந்தது. முதுகில் ஆபரேஷன். இனிமேல் குனிந்து சைக்கிள் ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். குனிந்துதானே கூடாது என்று நேரே கீழவாஞ்சூர் வெல்டர் தௌஃபீக்கிடம் போய் இந்த வண்டியைச் செய்து வாங்கிவிட்டாள். அப்படியொரு பிடிவாதக்காரி.

சேலத்தில் வருஷா வருஷம் நடக்கும் இருநூறு கிலோமீட்டர் சவாரி அது. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, மலையேறி, மறுபக்கம் இறங்கி, சமவெளியைச் சுற்றிக்கொண்டு மாலை ஏழரைக்குள் திரும்பி வந்து அட்டையில் கையெழுத்து வாங்க வேண்டும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. ஒரு நிமிஷம் பிந்தினாலும் கணக்கில் சேராது, அவ்வளவுதான். போன இரண்டு தடவையும் உமா மலையேற்றத்திலேயே பிந்திவிட்டாள். இந்தத் தடவையும் பிந்தினால் வண்டியை விற்றுவிடுகிறேன் என்று கணவர் அன்பழகனிடம் சொல்லியிருந்தாள். கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் அவள் சொன்ன வார்த்தையிலிருந்து பின்வாங்குகிறவள் இல்லை.

ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் நஜீபாவும் கூட வந்தாள். அவளுக்குச் சாதாரண சைக்கிள், முதல் சவாரி. அடிவாரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் செங்குத்தான இடத்தில் எழுந்து நின்று மிதித்தார்கள். படுத்திருப்பவள் எங்கே எழுந்து நிற்பது? மழை வேறு மூஞ்சியிலேயே அடித்தது. வாயைத் திறந்தால் தண்ணீர். சின்ன கியரில் போட்டு, நத்தைக்குப் போட்டியாக ஊர்ந்து ஊர்ந்து உச்சிக்கு வந்தபோது, அவள் போட்டிருந்த நேரக் கணக்கில் இருபது நிமிஷம் மிச்சம் இருந்தது. உமாவுக்கு ஒரே சந்தோஷம். கஷ்டமெல்லாம் முடிந்தது, இனி இறக்கம்தானே என்று நினைத்தாள். சமவெளிக்காரி வேறென்ன நினைப்பாள்?

எங்கள் பக்கத்தில் சைக்கிள் கற்றுக்கொடுக்கும் எல்லாரும் சொல்லும் முதல் பாடம், முன் பிரேக்கைத் தொடாதே என்பது. தட்டை ஊருக்கு அது போதும். விழுந்து எழுந்த உமாவுக்கோ அது வேதவாக்கு. உச்சியிலிருந்து பின் பிரேக்கை மட்டும் பிடித்தபடி, விடாமல் பிடித்தபடி இறங்கினாள். மழைச் சேறும் மணலும் சேர்ந்து பிரேக் ரப்பரை அரைத்துத் தள்ளின. ஏழெட்டு வளைவு தாண்டியதும் இரும்பு இரும்போடு உரசும் சத்தம் கேட்டது. வண்டி நிற்கவில்லை. காலைத் தரையில் தேய்த்து, ஓரத்து மண்ணில் ஏற்றி எப்படியோ நிறுத்தினாள்.

பின்னால் வந்த நஜீபா நிறுத்திப் பார்த்தாள்.

“யா அல்லா, ரப்பரே இல்லையே உமாக்கா. என் வண்டில டிஸ்க் பிரேக்கு, அது இதுக்குச் சேராதே.”

“நீ போ நஜீபா. எனக்காக நின்னா நீயும் பிந்திடுவ.”

“முன் பிரேக் இருக்குல்ல?”

உமா முதுகைத் தடவிக்கொண்டாள். நஜீபாவுக்குப் பட்டினச்சேரி விஷயம் தெரியும். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், மனசே இல்லாமல் கிளம்பிப் போனாள்.

அடிவாரத்துக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர். தள்ளிக்கொண்டு நடந்தால் கதை முடிந்தது. ஆனாலும் நடந்தாள். கால்மணி நேரம் நடந்தபின் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆட்டின் மேல், மலையின் மேல், தன் மேல். அந்த ஆத்திரத்தில்தான் வண்டியை நின்று பார்த்தாள். முன் ரப்பர் புத்தம் புதிதாக இருந்தது. சீட் தரையிலிருந்து முழங்கால் உயரம்கூட இல்லை. கால் முன்னால், முதுகு பின்னால். இதிலிருந்து தலைகுப்புறப் பாய வேண்டுமென்றாலும் முடியாதே, இவ்வளவு நாளாக இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சரிவு குறைந்த இடமாகப் பார்த்து ஏறிப் படுத்தாள். மெல்ல உருளவிட்டாள். விரல் மரத்துப் போயிருந்தது. அழுத்தினாள்.

வண்டி நின்றது. அவள் சீட்டிலேயே இருந்தாள்.

இன்னொரு தடவை. மறுபடியும் நின்றது. உமா வாய்விட்டு அழுதாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டாள். நேர்ச் சாலையில் விட்டு விட்டுப் பிடித்தாள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக் கையை எடுத்தாள். அடிவாரத்தில் பார்த்தால் நாற்பது நிமிஷம் பின்தங்கியிருந்தாள்.

சமவெளியில் எதிர்க்காற்று. ஆளாளுக்குக் குனிந்து முனகிக்கொண்டு மிதித்தார்கள். உமாவுக்கோ சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. துறைமுக ரோட்டுக் கடல்காற்றில் தினமும் மல்லுக்கட்டுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு காற்றா? தாழப் படுத்திருப்பவளைக் காற்றுக்கும் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை. ஒவ்வொருவராகத் தாண்டினாள். கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது நஜீபாவின் சிவப்பு விளக்கு தெரிந்தது.

“எப்படிக்கா எறங்குனீங்க?”

“முன் பிரேக்லதான். அப்பறம் பேசிக்கலாம், மிதி.”

ஏழு இருபத்தாறுக்கு இருவருக்கும் கையெழுத்து விழுந்தது. நான்கு நிமிஷம் மிச்சம். ஈரக் கையோடு அட்டையை வாங்கி, அதைவிட ஈரமான மறு கையால் உமா வீட்டுக்குப் போன் போட்டாள்.

“முடிச்சிட்டேங்க.”

“நேரத்துக்கா?” அன்பழகனின் குரலில் நம்பிக்கையே இல்லை.

“நேரத்துக்குத்தான். பின் பிரேக் போயிடுச்சு. முன் பிரேக்கப் புடிச்சே மலைய எறங்கிட்டேன்.”

அவள் விழுந்த மறுநாளே மகள் சைக்கிளிலிருந்து முன் பிரேக்கைக் கழற்றியவர் அவர்.

“கழட்டுன பிரேக்கு ஆணி டப்பாலதான் கெடக்கு” என்றார் அன்பழகன். “நாளைக்குப் பாப்பா வண்டில மாட்டிடறேன். எப்படிப் புடிக்கணும்னு நீ வந்து சொல்லிக் குடு.”