பதிவில் இல்லாத ஒரு போன்

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவளுடைய லேப்டாப் திறந்திருந்தது. திரையில் விசாரணைக் குழுவுக்கான புகார்ப் படிவம். "படிச்சுப் பாத்துச் சொல்லுடா, ரொம்பக் கடுமையா எழுதிட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே எனக்குத் தட்டு வைத்தாள். படித்தேன். கடுமைக்குக் குறைச்சல் இல்லை. எல்லாம் வேறொருவர் தலையில் போய் விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

அக்கா கடலடி எரிமலைகளை ஆராய்பவள். ஓர் எரிமலை வெடிப்பதற்கு முந்தைய பதினோரு வாரமும் அதன் உறுமலைக் கடலுக்கடியில் கருவிகள் இறக்கிப் பதிவு செய்திருந்தாள். வெடித்ததில் கருவிகள் போய்விட்டன. பதிவுகள் மட்டும் பிழைத்தன. அவற்றை நான் அழித்தேன்.

என் கை படவில்லை, வாய்தான் பட்டது. எங்கள் ஆராய்ச்சிக் கூட்டமைப்புக்கு ஐந்து ஊர்களில் ஐந்து தரவு மையங்கள். ஒன்றில் எல்லாம் டிஸ்க், ஒன்றில் எல்லாம் டேப், மற்றவற்றில் இரண்டும் கலந்து கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை எடுக்க ஒவ்வொரு முறை. ஆராய்ச்சியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக மென்பொருளில் ஒரே வாசல் கட்டியவன் நான். கோப்பின் பெயரைச் சொன்னால் போதும், எந்த ஊரில் எந்த இயந்திரத்தில் கிடந்தாலும் வந்து நிற்கும். எங்கே இருக்கிறது என்று யாரும் தெரிந்துகொள்ள வேண்டாம். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்பது என் கணக்கு. அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, வேறு அளவு சொல்வார்.

இடம் நெருக்கினால், இரண்டு பிரதி உள்ள கோப்புக்கு ஒரு பிரதியை அழிக்கலாம் என்பது எங்கள் விதி. அக்காவின் பதிவுகளுக்கு என் வாசலின் பட்டியல் இரண்டு விலாசம் காட்டியது. டேப் மையத்தில் போன வருடம் சர்வருக்குப் புதுப் பெயர் வைத்திருந்தார்கள். பழைய பெயரும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். இரண்டு பெயரும் ஒரே டேப்பில்தான் போய் முடிந்தன. பட்டியல் அதை இரண்டு பிரதி என்று எண்ணிக்கொண்டது. சரிபார்க்க வேண்டியவன் நான். சரிபார்க்கவில்லை. இடம் நெருக்கியதும், ஒன்றை அழிக்கச் சொல்லி டேப் மையத்துக்கு உத்தரவு போனது.

டேப்காரர் அந்த மையத்தின் ஒப்பந்த ஊழியர். அவருக்கு மட்டும் சந்தேகம் வந்தது. என் செல்லுக்கே கூப்பிட்டார். நான் அப்போது மேலதிகாரிகளுக்கு என் வாசலைக் காட்டிப் பீற்றிக்கொண்டிருந்தேன். எரிச்சலோடு வெளியே வந்தேன்.

"சார், இந்த ரெண்டு விலாசமும் எங்க இடம் மாதிரியே தெரியுது. அழிக்கலாமா?"

"எது எங்க இருக்குன்னு நீங்க மண்டையை உடைச்சுக்க வேணாம். அதுக்குத்தானே இதைக் கட்டியிருக்கேன்? ரெண்டுன்னு போட்டிருக்கா இல்லையா?"

"போட்டிருக்கு சார். தப்பா நினைச்சுக்காதீங்க, டேப் நம்பரை ஒரு தடவை பாத்துடலாமேன்னு..."

"அழிங்கய்யா."

அழித்தார். அன்று மாலைக்குள் அதே டேப்பில் வேறு யாருடைய தரவோ ஏறிவிட்டது.

குழு கேட்டபோது, "போனில் கேட்டேன், அழிக்கச் சொன்னார்கள்" என்று எழுதிக் கொடுத்தாராம். யாரிடம் கேட்டார் என்று எழுதவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லையா, நானே முன்வந்து சொல்வேன் என்று நம்பினாரா, தெரியாது. குழு என்னிடம் விளக்கம் கேட்டது. "அப்படி ஓர் அழைப்பு எங்கள் பதிவில் இல்லை" என்று பதில் போட்டேன். உண்மைதான். சொந்த செல்லுக்கு வரும் அழைப்பு அலுவலகப் பதிவில் எப்படி இருக்கும்? அந்த வரியை எழுதிய நாளிலிருந்து எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

"என்ன மாப்ள, தட்டையே பாத்து முழிக்கிறே?" என்றார் மாமா. "உங்கக்கா எழுத்தை விடச் சமையல் கடுமையா இருக்கோ?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் அக்கா. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நாளைக்கு அந்தாளை வேலையை விட்டுத் தூக்கப் போறாங்களாம். தூக்கட்டும். ஒன்பது வருஷ உழைப்புடா. அழிக்கறதுக்கு முன்னாடி யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டாரு" என்றேன்.

"என்ன?"

"கேட்டாருக்கா. என்கிட்டதான் கேட்டாரு."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மாமா தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எழுந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"குழு கேட்டப்ப என்ன சொன்னே?"

"பதிவுல இல்லன்னு..."

"பொய் சொன்னே."

"பதிவுல நிஜமாவே இல்லக்கா."

"பொய் சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். ஒரு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, எழுதியிருந்ததையெல்லாம் அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து தட்ட ஆரம்பித்தாள்.

"உன் பதவிக்கு முழுப் பேர் என்ன?"

சொன்னேன்.

"போன் வந்த தேதி?"

செல்லைப் பார்த்துச் சொன்னேன். நேரமும் கேட்டாள். அவர் சொன்னது, நான் சொன்னது, எல்லாவற்றையும் வார்த்தை மாறாமல் கேட்டு வாங்கினாள். "அழிங்கய்யா" என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

"ரெண்டு நாள் ஆறப்போட்டு எழுதலாமே" என்றார் மாமா மெதுவாக. "கூடப்பிறந்தவன்."

"நாளைக்கே அந்த மனுஷனுக்கு வேலை போயிடும்" என்றாள்.

படிவத்தின் கடைசிக் கேள்வியில் அவள் விரல் நின்றது. எட்டிப் பார்த்தேன். 'புகாருக்கு உள்ளானவர் உங்கள் உறவினரா? ஆம் எனில், என்ன உறவு?' அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அங்கேதான் உடைந்தது.

"மத்த மையத்துல எல்லாம் கேட்டாங்கடா, எங்ககிட்டயும் ஒரு பிரதி போட்டு வைங்கன்னு" என்றாள். "எதுக்கு, என் தம்பி பாத்துப்பான்னு சொன்னேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். 'ஆம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் 'தம்பி' என்று தட்டி, அனுப்பிவிட்டாள்.