ஜன்னலுக்குக் கீழே

"இன்னா வாங்கியாரட்டும் ஜெயா?" என்று கேட்டான் வேதமுத்து, ரஷ்யாவுக்குக் கிளம்பிய அன்று, பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டே.

"ஒண்ணும் வாணாம். நல்லபடியா வந்து சேரு."

எண்பத்தேழில் பேசிய பேச்சு. இத்தனை வருடம் கழித்தும் ஜெயசீலி அதை மனதுக்குள் பேசிப் பார்க்கிறாள். அன்று நாக்கு நுனி வரை வந்தது வேறு. கேட்டால் சிரிப்பான் என்று விழுங்கிவிட்டாள்.

சென்னை பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவனை, ரஷ்யாவில் ஓர் அனல் மின்நிலையத்தில் டர்பைன் வேலை கற்றுவர அனுப்பினார்கள். இரண்டு குளிர்காலம் இருந்துவிட்டுத் திரும்பியவன் ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்தான். அம்பத்தூர் வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், மேற்கு ஜன்னலுக்குக் கீழே குனிந்து சுவரில் உள்ளங்கையை வைப்பான். பிறகுதான் தண்ணீர் கேட்பான்.

அந்த இடத்தை அவள் தட்டிப் பார்த்திருக்கிறாள். கரண்டிக் காம்பால் சுரண்டியும் பார்த்தாள். செங்கல்தான். "உள்ள எவளயாவது வெச்சுப் பூசிட்டாராக்கா?" என்று பக்கத்து வீட்டுப் புஷ்பா கேட்டபோது சிரித்துவிட்டு, அடுப்படிக்கு வந்து அழுதாள்.

சந்தேகத்துக்கு வேறு தீனியும் இருந்தது. ரேடியோவில் ரஷ்யச் செய்தி வந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. சோவியத் உடைந்தபோது, "கரண்ட் ஸ்டேஷன் இன்னா ஆவுமோ" என்று புலம்பினான். சர்க்கார் சொத்தாக இருந்தது பங்குக் கம்பெனி ஆனதாம். வேலை செய்தவர்களுக்கே பங்கு கொடுத்தார்களாம். பிறகு நிலக்கரிக்கு வழியில்லாமல் பாதிக் கொதிகலன்கள் அணைந்தனவாம். கடைசியில் யாரோ ஒரு முதலாளி வளைத்துப்போட்டானாம். ஒரு கம்பெனிக்காக எந்த ஆம்பளை இப்படி உருகுவான்? அங்கே தங்கியிருந்த வீட்டுக்காரி கலீனா என்று வந்த புதிதில் ஒருமுறை சொன்னான். அப்புறம் அந்தப் பெயரை எடுக்கவே இல்லை. அதுதான் அவளை உறுத்தியது.

தொண்ணூற்றாறு பங்குனியில் ஒரு சாயங்காலம், வரும்போதே சொன்னான்.

"ரஷ்யாவுல புதுக் கம்பெனிக்காரன் பழைய ஆளுங்களக் கூப்புடுறான். ரிப்பேர் வேலை கீதாம். வரேன்னு சொல்ட்டேன்."

அவன் கை தானாகச் சுவருக்குப் போயிற்று.

"அங்க இன்னாதான் கீது?" என்றாள் ஜெயசீலி.

"எங்க?"

"செவுத்துல."

அவன் தன் கையையே புதிதாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான்.

"அந்த ஊர்ல ஊட்டுக்கு ஊடு ஜன்னலுக்குக் கீழ இரும்புக் குழாய் கீது. ஸ்டேஷன்லேந்து சுடுதண்ணி அதுல ஓடும். உள்ள வந்ததும் எல்லாரும் தொட்டுப் பாப்பாங்க. சூடா இருந்தா ஸ்டேஷன் ஓடுதுன்னு அர்த்தம். ஜில்லுனு இருந்தா புள்ளகுட்டிங்க வெறச்சிப் பூடும்."

"கலீனாவுமா?"

அவன் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. "அவதான் மொதல்ல தொடுவா."

அவன் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. ஜெயசீலி குனிந்து, அவன் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் கதகதவென்றிருந்தது.

"இந்த வாட்டி என்னயும் இட்டுகினு போ," என்றாள்.